முழங்கால் ஆழத் தண்ணீரும் மடியில் வைத்துச் சறுக்குவதும்: சிறு குழந்தையோடு தீம் பார்க் செல்வோர் கவனத்துக்கு

முழு ஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டால், தடுப்பூசிக்கோ சளிக்கோ குழந்தையைத் தூக்கி வரும் பெற்றோரில் பலர் எழுந்து போகும் நேரத்தில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மூத்த பிள்ளைக்கு விடுமுறை, சித்தி வீட்டாரும் மாமா வீட்டாரும் சேர்ந்து தீம் பார்க் போகத் திட்டம், ஒன்றரை வயதோ இரண்டு வயதோ ஆன சின்னதையும் அழைத்துப் போகலாமா என்பதே அது. தாராளமாகப் போகலாம் என்றுதான் சொல்கிறேன். ஆனால் அடுத்து அவர்கள் கேட்பதெல்லாம் ராட்சத ராட்டினத்தையும் ரோலர் கோஸ்டரையும் பற்றியதாகவே இருக்கும். குழந்தைகள் மருத்துவராக எனக்கு அவற்றைப் பற்றிக் கவலை குறைவு. அங்கே உயரத்தை அளந்து பார்த்து வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். பூங்காவுக்குப் போய்வந்த ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகள் என்னிடம் வருவது, யாரும் அளவுகோல் வைக்காத இடங்களிலிருந்துதான்: குழந்தைகளுக்கென்றே கட்டிய ஆழமில்லாத குளம், அப்பாவின் மடியில் உட்கார்ந்து இறங்கிய சறுக்கு, உச்சி வெயிலில் நின்ற வரிசை, வாயை அடக்கக் கையில் கொடுத்த வேர்க்கடலைப் பொட்டலம்.

உயர அளவுகோலைப் பற்றி ஒரு சொல் மட்டும். பெரும்பாலான பூங்காக்களில் நுழைவுக் கட்டணமும் உயரத்தை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது. ஏறக்குறைய 85, 90 சென்டிமீட்டருக்குக் குறைந்த குழந்தைக்குப் பல இடங்களில் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லாத அந்த உயரத்துக்கு, அங்குள்ள விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றில் அனுமதியும் இல்லை. இருக்கையின் பட்டையும் கம்பியும் பெரிய உடம்பைப் பிடித்து நிறுத்தும்படி அமைக்கப்பட்டவை. உடம்போடு ஒப்பிட்டால் சிறு குழந்தையின் தலை பெரியது, கழுத்துத் தசை பலமற்றது. ஆகவே, நின்று இயக்கும் பணியாளரிடம் “நான் பிடித்துக்கொள்கிறேன், ஒரே ஒரு தடவை” என்று கெஞ்சுவதும், கால் விரல் நுனியில் நிற்கச் சொல்லிக் குழந்தையை அளக்கச் செய்வதும் வேண்டவே வேண்டாம்.

தண்ணீர்தான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களில் ஏறத்தாழ கால் பங்கினர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். இறப்பதற்கு ஆழம் தேவையில்லை. முகம் குப்புற விழுந்த ஒன்றரை வயதுக் குழந்தையால், தலையின் கனத்தைத் தானே தூக்கி மூச்சு வாங்க இயலாமல் போகலாம் என்பதால், சில அங்குலத் தண்ணீரே போதும். அதைவிட முக்கியமானது, மூழ்கும் குழந்தை கத்துவதில்லை, கையை வீசுவதில்லை. மூச்சுக்காகத் திணறும் தொண்டையால் ஓசை எழுப்ப முடியாது. பக்கத்திலேயே ஒலிபெருக்கியில் பாட்டும் ரெயின் டான்ஸ் கூச்சலும் நடக்கும் இடத்தில், “சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கலாம்” என்று இருப்பது எந்தப் பாதுகாப்பும் அல்ல.

என் அனுபவத்தில், தாயும் தந்தையும் மட்டும் குழந்தையோடு போன இடத்தைவிட, பத்துப் பதினைந்து பேர் கூட்டமாகப் போன இடமே அதிகக் கவலைக்குரியது. அம்மா, பாட்டி பார்க்கிறார் என்று நினைக்கிறார். பாட்டி, அத்தை பார்க்கிறார் என்று நினைக்கிறார். அத்தையோ கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். எனவே நான் சொல்லும் ஏற்பாடு எளிது. குழந்தை தண்ணீரில் இருக்கும் நேரம் முழுவதும் ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும். அவர் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது. கை நீட்டினால் குழந்தையைத் தொடும் தூரத்தில், கரையில் அல்லாமல் தண்ணீருக்குள் அவர் இருக்க வேண்டும். இருபது நிமிடம் கழிந்ததும் “இனி நீ பார்த்துக்கொள்” என்று வாய்விட்டுச் சொல்லி, மற்றவர் “சரி” என்ற பிறகே விலக வேண்டும். பூங்காவில் உயிர்காப்பாளர் இருக்கிறாரே என்று கேட்பார்கள். அவர் நூறு பேரைப் பார்க்கிறார்; உங்கள் குழந்தையை மட்டும் பார்க்க அவரால் ஆகாது.

கையில் மாட்டும் காற்றடைத்த பலூன் பட்டைகளையும் இடுப்பு வளையங்களையும் விளையாட்டுப் பொருள்களாக மட்டுமே கருத வேண்டும். அவை நழுவும், கவிழும், காற்று இறங்கும். எல்லாவற்றையும்விடப் பெற்றோருக்குப் பொய்யான தைரியத்தைத் தரும். குழந்தையின் எடைக்குப் பொருந்தி, கால்களுக்கு இடையில் பட்டை கொண்ட மிதவைச் சட்டை பரவாயில்லை, அப்போதும் கை எட்டும் தூரம் மாறாது. நீல நிறத்திலும் வெள்ளை நிறத்திலும் நீச்சல் உடை வாங்காதீர்கள். தண்ணீருக்கு அடியில் அவை கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஆரஞ்சு, அடர் ரோஸ் போன்ற பளீர் நிறங்கள் தெரியும். அலைக்குளத்தைப் பொறுத்தவரை என் கருத்து கடுமையானது: மூன்று வயது வரை அதில் இறக்கவே வேண்டாம். அலை தொடங்கும் மணி அடித்ததும் பெரியவர்களே தடுமாறி ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள்.

நேரக்கூடாதது நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரிலிருந்து எடுத்த குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்ற முயல்வதும் நம் ஊரில் இன்னும் நடக்கின்றன. இரண்டுமே பொன்னான நிமிடங்களை வீணாக்குபவை. வயிற்றிலிருப்பது வாய்க்கு வந்து மூச்சுக்குழலை அடைக்கவும் கூடும். மூச்சில்லாத குழந்தைக்கு முதலில் தேவை மூச்சு. மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, வாயோடு வாய் வைத்து, மார்பு உயரும் அளவுக்கு ஊதுங்கள். குழந்தை அசையவில்லை என்றால் நெஞ்சின் நடுவே 30 அழுத்தம், பிறகு 2 மூச்சு என்று, 108 ஆம்புலன்ஸ் வரும்வரை தொடருங்கள். இதைக் கையால் பழகிக்கொள்ள ஒரு மணி நேரப் பயிற்சி போதும். பயணத்துக்கு முன் வீட்டில் ஒருவராவது கற்றுக்கொள்ளலாம். மூழ்கி எழுந்த குழந்தை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும், இருமல் நிற்காவிட்டாலோ, மூச்சு வேகமாக இருந்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி விழுந்தாலோ அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். நாள்கள் கழித்து, எந்த அறிகுறியும் இல்லாமல், “உலர் மூழ்கலால்” குழந்தை திடீரென்று இறக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பி அஞ்ச வேண்டாம். சிக்கல் வருமானால் அது முதல் சில மணி நேரங்களிலேயே தன்னைக் காட்டிக்கொள்ளும்.

அடுத்து, பெற்றோர் நம்ப மறுக்கும் ஒரு விஷயம். சறுக்கு மரத்திலும் சிறிய நீர்ச் சறுக்கிலும் குழந்தையைத் தனியாக விடப் பயந்து மடியில் வைத்துக்கொண்டு இறங்குவதுதான், கீழ்க்கால் எலும்பு முறிவதற்கு நன்கு அறியப்பட்ட காரணம். குழந்தை தனியாக இறங்கும்போது கால் ஓரத்தில் உரசினால் அதன் எடை குறைவென்பதால் நின்றுவிடும். மடியில் இருக்கும்போது அந்தச் சின்னப் பாதம் சுவரில் மாட்டிக்கொண்டாலும் பின்னால் இருக்கும் எழுபது கிலோ நிற்பதில்லை, கால் முறுக்கிக்கொள்கிறது. எங்கும் விழவில்லை, எதிலும் மோதவில்லை, ஆனால் காலை ஊன்ற மறுக்கிறது என்று சொல்லி வரும் குழந்தைகளிடம் நான் முதலில் கேட்பது சறுக்கைப் பற்றித்தான். முறிவு முழங்காலுக்குக் கீழே மெல்லிய கோடாக இருக்கும். முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். தனியாக இறங்க முடியாத சறுக்கு அந்தக் குழந்தைக்கு உரியதல்ல என்பதே என் அளவுகோல்.

வெயிலுக்கு வருகிறேன். மே முதல் வாரத்தில் தொடங்கும் கத்திரி வெயிலில், எடையோடு ஒப்பிட்டால் உடற்பரப்பு அதிகமுள்ள, வியர்வை குறைவாகச் சுரக்கும் சிறு குழந்தை, பெரியவர்களைவிட விரைவாகச் சூடேறுகிறது. தண்ணீருக்குள்தானே இருக்கிறது என்பது ஆறுதலாகாது. திறந்தவெளிக் குளத்தில் வெயில் மேலிருந்தும் வருகிறது, தண்ணீரில் பட்டும் எதிரொளிக்கிறது. காலை திறந்ததும் உள்ளே போய், 11 மணிக்கு நிழலுக்குத் திரும்பி, 3 மணிக்குப் பிறகு மீண்டும் வெளியே வருவது நல்லது. பருத்தி முழுக்கைச் சட்டையும் விளிம்பு வைத்த தொப்பியும், வெயிலுக்குப் பூசும் களிம்பைவிட நம்பகமானவை. ஸ்ட்ரோலரின் மேல் வெயில் படாமலிருக்கப் போர்வையைப் போர்த்துவதைப் பல பூங்காக்களில் பார்க்கிறேன். காற்று புகாமல் உள்ளே வெப்பம் ஏறும் என்பதால் இது நிழலாகத் தெரியும் ஆபத்து. குடைதான் பிடிக்க வேண்டும்.

தாகம் என்று சொல்லத் தெரியாத வயது இது. கேட்கும்வரை காத்திராமல் அரை மணிக்கு ஒருமுறை இரண்டு மிடறு கொடுங்கள். தண்ணீர், மோர், இளநீர், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பால், இவையே போதும். ஆறு மணி நேரமாக டயப்பர் நனையவில்லை என்றால் அது எச்சரிக்கை. வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்தால் மட்டும் ஓ.ஆர்.எஸ். தேவைப்படும், அப்போது மருந்துக்கடைப் பொட்டலத்தை அதன் மேல் குறித்துள்ள அளவுத் தண்ணீரில் முழுவதுமாகக் கரைத்துக் கொடுக்க வேண்டும். சர்க்கரை மிகுந்த, வண்ணப் பெட்டியில் வரும் பானங்கள் அதே பெயரைத் தாங்கி நெடுங்காலம் விற்கப்பட்டன. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகளுக்கு ஒத்துவராத பானங்களில் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. வாங்கும்போது இன்னமும் ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. குழந்தை உடல் கொதித்து, துவண்டு, பேச்சுக்குப் பதில் தராமல் இருந்தால் காய்ச்சல் மருந்து கொடுத்துப் பயனில்லை. நிழலில் படுக்கவைத்து, உடையைக் களைந்து, உடம்பெங்கும் நீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள்.

தொற்றுகளைப் பற்றிப் பேசும்போது குளத்தைக் குறை சொல்வது எளிது. ஆனால் குளத்துக்குள் கிருமியைக் கொண்டுவருவது நாம்தான். நீச்சல் டயப்பர் கெட்டியான மலத்தைத் தாங்கும், வயிற்றுப்போக்கைத் தாங்காது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1998 ஜூனில் ஒரு நீர்ப் பூங்காவின் குழந்தைகள் குளத்திலிருந்து ஈ. கோலை கிருமியின் கொடிய வகை ஒன்று பரவி, 26 பேருக்குத் தொற்று உறுதியானது. ஒரு குழந்தை இறந்தது. அந்தக் கிருமியாவது போதிய குளோரினில் செத்துவிடும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, முறையாகக் குளோரின் கலந்த குளத்திலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். வயிற்றுப்போக்கு இருக்கும் குழந்தையைத் தண்ணீரில் இறக்காதீர்கள். நின்ற பிறகும் இரண்டு வாரம் பொறுங்கள். டிக்கெட் எடுத்தாகிவிட்டதே என்பது எனக்கும் புரிகிறது, ஆனால் அந்தக் குளத்தில் மற்றவர் குழந்தைகளும் வாயைத் திறந்துகொண்டு விளையாடுகின்றன.

தடுப்பூசி அட்டையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 2014 டிசம்பரில் கலிபோர்னியாவின் டிஸ்னி பூங்காக்களில் தொடங்கிய தட்டம்மைப் பரவலில், அடுத்த பிப்ரவரிக்குள் அமெரிக்காவில் 125 பேருக்கு நோய் உறுதியானது. தடுப்பூசி போடும் வயதையே எட்டாத கைக்குழந்தைகளும் அதில் இருந்தனர். நம் அரசுத் திட்டத்தில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி 9 மாதம் முடிந்ததும் ஒன்றும், 16 முதல் 24 மாதங்களுக்குள் இரண்டாவதும் போடப்படுகின்றன. தவறவிட்டிருந்தால் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

வரிசையில் நிற்கும்போது அழும் குழந்தைக்குப் பெரும்பாலும் வேர்க்கடலையோ பாப்கார்னோதான் கிடைக்கிறது. கடைவாய்ப் பற்கள் முழுமையாக முளைக்காத வயதில், சிரித்துக்கொண்டும் ஓடிக்கொண்டும் மெல்லும் குழந்தை அதை மூச்சுக்குழலுக்குள் இழுத்துக்கொள்கிறது. பூங்காவில் ஒரு நிமிடம் கடுமையாக இருமிவிட்டு அடங்கிவிடும்; எல்லாரும் மறந்துவிடுவார்கள். ஒரு வாரம் கழித்து “சளி போகவே மாட்டேன் என்கிறது” என்று வருவார்கள். வேர்க்கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டு எடுக்க வேண்டியிருக்கும். ஐந்து வயதுவரை முழுக் கடலை, பாப்கார்ன், முழுத் திராட்சை, கடினமான மாங்காய்த் துண்டு எதுவும் வேண்டாம். இட்லி, வாழைப்பழம், தயிர்சாதம் இருக்கின்றன. வெளி உணவை அனுமதிக்காத பூங்காக்களிலும் குழந்தை உணவைப் பொதுவாகத் தடுப்பதில்லை. முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளலாம்.

ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். மதியத் தூக்கம் போன குழந்தை மாலையில் அழுவது அடம் அல்ல, களைப்பு. மூத்த பிள்ளையோடு ஒருவர் பெரிய விளையாட்டுகளுக்குப் போக, மற்றவர் சின்னதோடு நிழலில் இருந்து, மதியத்துக்குப் பிறகு மாறிக்கொள்வது பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒத்துவருகிறது. ஒலிபெருக்கிக்கு அருகில் உட்காராதீர்கள். காலையில் கிளம்பும் முன் அன்றைய உடையோடு குழந்தையை ஒரு படம் எடுத்து வைத்து, உங்கள் தொலைபேசி எண்ணை நீரில் அழியாத மையால் அதன் கை வளையத்தில் எழுதிவிடுங்கள்.

தங்கும் அறையையும் வண்டியையும் யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். அறைக்குள் நுழைந்ததும் கொசு விரட்டி மருந்துக் குப்பியைக் கழற்றி உயரத்தில் வையுங்கள். குளியலறை வாளியில் தண்ணீர் நிறைந்திருந்தால் கொட்டிவிடுங்கள். பால்கனிக் கதவைத் தாழிடுங்கள். காரில் 14 வயதுக்குட்பட்டவரை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றி அழைத்துச் சென்றால் 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி ஆயிரம் ரூபாய் அபராதம் உண்டு. திடீர் பிரேக்கில் அம்மாவின் மடி குழந்தையைப் பிடித்து நிறுத்தாது என்பதே அந்தச் சட்டத்தின் அடிப்படை.

திரும்பி வந்த இரண்டு வாரங்களுக்குள் வயிற்றுப்போக்கு, கண் சிவப்பு, காய்ச்சலோடு தொண்டை வலி, கை கால்களில் கொப்புளம் ஆகிய ஏதேனும் வந்தால், எந்தத் தேதியில் எந்தப் பூங்காவின் குளத்தில் குழந்தை இறங்கியது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மலத்தில் இரத்தம் இருந்தாலோ சிறுநீர் குறைந்தாலோ மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்.