4294967297: ஃபெர்மாவின் கணிப்பை உடைத்த எண்

முப்பத்திரண்டு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, அத்துடன் ஒன்றைக் கூட்டினால் 4294967297 கிடைக்கும். பிரெஞ்சுக் கணித மேதை பியர் தெ ஃபெர்மா இதைப் பகா எண் என்று நம்பினார். 2-இன் 1, 2, 4, 8, 16 ஆகிய அடுக்குகளுடன் ஒன்றைக் கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்கள். அடுக்கை இவ்வாறே இரட்டித்துக்கொண்டு போனால் எப்போதும் பகா எண்ணே வரும் என்று அவர் 1640-இல் கருதினார். அடுத்த அடுக்கான 32-லேயே அந்தக் கணிப்பு பொய்த்தது. 4294967297 = 641 × 6700417 என்று 1732-இல் சுவிட்சர்லாந்துக் கணித மேதை லியோனார்டு ஆய்லர் காட்டினார்.

641-ஐ எப்படி எட்டுவது? இந்த எண்ணின் வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டியது. அதுவரை 6542 பகா எண்கள் உள்ளன. அத்தனையாலும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை என்பதை ஆய்லர் பின்னர் விளக்கினார். நம் எண்ணை மீதியின்றி வகுக்கும் பகா எண்ணை ‘ப’ என்போம். அப்போது 2³² என்பது ப-இன் ஏதோவொரு மடங்குக்கு ஒன்று குறைவாக இருக்கும். அதை வர்க்கப்படுத்தினால் வரும் 2⁶⁴, ப-இன் மடங்குக்கு ஒன்று அதிகமாக இருக்கும். 2-இன் அடுக்குகளை ப-ஆல் வகுக்கும்போது மீதி 1 முதன்முதலாக வருவது இந்த 64-ஆம் அடுக்கில்தான். பிறகு 64-இன் மடங்குகளில் மட்டுமே அது திரும்ப வரும். (ப − 1)-ஆம் அடுக்கிலும் மீதி 1 வந்தே தீரும் என்கிறது ஒரு தேற்றம். ஆகவே ப − 1 என்பது 64-இன் மடங்கு. இந்த நிபந்தனைக்கு உட்படும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று செல்கின்றன. ஐந்தாவதிலேயே விடை கிடைத்துவிடுகிறது. இங்கே பயன்பட்ட தேற்றம் ஃபெர்மாவே கண்டறிந்த ‘சிறிய தேற்றம்’ என்பதுதான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் வியக்கவைப்பது.

நீண்ட வகுத்தல் இல்லாமலும் இதைச் சரிபார்க்கலாம். 641 = 5 × 2⁷ + 1 என்பதால், 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுக்கும்போது மீதியை −1 எனலாம்; நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. மறுபுறம், 641 = 5⁴ + 2⁴; எனவே 5⁴ இருக்குமிடத்தில் −2⁴-ஐ இடலாம். அப்படியானால் −2³²-க்கு மீதி 1. அதாவது 2³² + 1-ஐ 641 மீதியின்றி வகுக்கிறது. தாளில் நான்கே வரிகள்!

இந்த எண்ணிலிருந்து இரண்டைக் கழித்தால் வரும் 4294967295, கணினியில் 32 பிட்டுகளில் எழுதக்கூடிய மிகப்பெரிய முழு எண். அது 3 × 5 × 17 × 257 × 65537 என்ற பெருக்கற்பலன், அதாவது ஃபெர்மாவுக்குச் சரியாக அமைந்த ஐந்து எண்களின் பெருக்கற்பலனேயாகும்.

அந்த ஐந்துக்குப் பின் இவ்வரிசையில் ஆறாவது பகா எண் இன்றுவரை அகப்படவில்லை. 2-இன் அடுக்கு 2²⁴ ஆகும்போது வரும் எண் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்களைக் கொண்டது. அது பகு எண் என்று 1999-இல் கணினிகள் உறுதிசெய்துவிட்டன; ஆனால் அதன் காரணிகளில் ஒன்றுகூட இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.