மாத்திரை தந்த இருமல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்திலுள்ள என் மருந்துக்கடைக்கு இருமல் மருந்து கேட்டு வருகிறவர்களில் சிலருக்குச் சளியும் இருப்பதில்லை, காய்ச்சலும் இருப்பதில்லை. தொண்டை அரிக்கிறது, வறட்டு இருமல் வாரக்கணக்கில் விடவில்லை என்பார்கள். ரத்த அழுத்தத்துக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் எனாலாப்ரில் என்று பதில் வரும். அதைத் தொடங்கிய பிறகு வந்த இருமலா என்பதுதான் என் அடுத்த கேள்வி.

இவ்வகை மாத்திரைகள் உடலில் பிராடிகைனின் என்னும் பொருள் சிதைவதைத் தடுப்பதால், அது தேங்கிச் சிலருக்கு இருமலைக் கிளப்புகிறது. மருத்துவர் லோசார்ட்டன் போன்ற வேறொன்றுக்கு மாற்றினால் பெரும்பாலும் 1 முதல் 4 வாரங்களில் அடங்கிவிடும். இதை அறியாமல் சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மருந்தைக் குடிப்பவருக்கு இருமல் நிற்காததோடு அழுத்தமும் ஏறக்கூடும். ஏறிய அழுத்தத்தைக் கண்டு மாத்திரையின் அளவு கூட்டப்படும். அம்லோடிபின் என்னும் வேறொரு ரத்த அழுத்த மாத்திரையால் வரும் கணுக்கால் வீக்கத்துக்கு, சிறுநீரை அதிகம் போகவைக்கும் நீர் மாத்திரை கேட்பதும் இதே கதைதான். அந்த வீக்கம் நீர் மாத்திரைக்கு அவ்வளவாக வடிவதில்லை. ஆகவே புது மாத்திரைக்குப் பின் புது உபாதை தோன்றினால், முதலில் அந்த மாத்திரையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சந்தேகம் வந்ததும் தாமாகவே நிறுத்திவிடுவது வேறு ஆபத்து. கிளினிக்கில் சொல்லி மாற்றிக்கொள்வதே முறை. ஆனால் எனாலாப்ரில் சாப்பிடுகிறவருக்கு உதடு, நாக்கு அல்லது முகம் வீங்கினால், அடுத்த வேளை மாத்திரையைத் தொடாமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

முட்டிவலிக்கு ஐபுபுரோஃபென் வாங்குகிற ஆயாக்களை நான் அவ்வளவு எளிதில் விடுவதில்லை. எனாலாப்ரில், நீர் மாத்திரை, ஐபுபுரோஃபென் ஆகிய மூன்றும் சேர்ந்தால், சிறுநீரகத்துக்குள் ரத்தம் பாயும் அழுத்தம் குறைந்து, அது திடீரெனச் செயலிழக்க நேரலாம். வயிற்றுப்போக்கிலோ கோடை வெயிலிலோ உடலில் நீர் வற்றியிருந்தால் ஆபத்து இன்னும் கூடும். இவர்களுக்குப் பாராசிட்டமாலை அளவோடு தருவதே பெரும்பாலும் பாதுகாப்பானது. தலைவலிப் பொடியை மருந்தாகவே எண்ணாதவர்கள் பலர். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர் அதிலுள்ள ஆஸ்பிரினையும் சேர்த்து விழுங்கினால் ரத்தக்கசிவு வரலாம்.

டர்பனில் கோடை உச்சத்தில் வருகிறது தைப்பூசக் காவடி. நேர்த்திக்கடனுக்காக விரதம் இருக்கும் நீரிழிவுக்காரர்கள் வேளை உணவைத் தவிர்த்துவிட்டு மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போடுவதை அடிக்கடி காண்கிறேன். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை அபாயமாக இறங்குவது அரிது. கிளிமெபிரைடோ கிளிபென்கிளமைடோ சாப்பிடுகிறவருக்கு அப்படியல்ல. உணவு உண்டாலும் உண்ணாவிட்டாலும் அவை இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். அதன்மேல் பாகற்காய்ச் சாறும் வெந்தயமும் சேர்ந்தால் சர்க்கரை மேலும் இறங்கலாம். காப்புக் கட்டுவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசி மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டால் விரதத்துக்கும் குறை வராது என்பது என் எண்ணம்.

வியர்வை, கை நடுக்கம், தடுமாற்றம் கண்டால் சர்க்கரையை அளக்க வேண்டும். லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், விரதம் முறியுமே என்று தயங்காமல், 3 தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். ஏறாவிட்டால் மீண்டும் குடிக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்சை அழைக்க வேண்டும். தேறியபின் உணவும் கொடுத்து, அன்றிரவு அவரைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் இந்த மாத்திரைகளின் வேகம் அடங்கப் பல மணி நேரம் ஆகும், ஏறிய சர்க்கரை மறுபடியும் இறங்கலாம்.