சக்கரம் உரசும் அந்த நொடி

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தோம். சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு சுமார் 150 கிலோமீட்டர். நூறுக்கு மேல் முடிந்திருந்தது. பன்னிரண்டு பேர், ஒருவர் பின் ஒருவராக. நான் ஐந்தாவது ஆள். எனக்கு முன்னால் போனவர் சாலையில் கிடந்த தென்னை மட்டை ஒன்றுக்காக இடப்பக்கம் ஒரு சாண் ஒதுங்கினார். அவ்வளவுதான். ரப்பரோடு ரப்பர் உரசுகிற ‘விர்ர்’ என்ற சத்தம். அடுத்து நினைவிருப்பது என் வலது கன்னத்துக்குப் பக்கத்தில் தெரிந்த தார்ச்சாலை. பின்னால் வந்த இருவர் என்மேல் வந்து விழுந்தார்கள். முன்னால் போனவர் விழவே இல்லை.

சைக்கிளில் தொலைதூரம் போகிறோம் என்றால் வீட்டில் லாரியை நினைத்துத்தான் பயப்படுவார்கள். நியாயமான பயம்தான். ஆனால் அன்று பக்கத்தில் லாரியும் இல்லை, பஸ்ஸும் இல்லை, ஒரு நாய்கூடக் குறுக்கே வரவில்லை. எங்களைத் தள்ளிவிட்டது எங்கள் வரிசையேதான். அது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

முதலில், ஏன் அவ்வளவு ஒட்டிப் போகிறோம்? காற்றுக்காக. சமதரையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கும்போது நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றை விலக்கவே செலவாகிறது. முன்னால் ஒருவர் போனால் அவர் முதுகுக்குப் பின்னால் காற்றின் எதிர்ப்பு குறைந்துவிடும். அந்த நிழலில் ஒதுங்கிக்கொண்டால் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சம். நாள் முழுக்க மிதிப்பவருக்கு இது பெரிய வரவு. ஆனால் நெருங்க நெருங்கத்தான் இந்தப் பலன் கூடும். அதனால் இடைவெளி அரை மீட்டருக்கு வந்துவிடுகிறது.

அந்த அரை மீட்டரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்னால் போகிறவர் லேசாகத்தான் பிரேக்கைத் தொடுகிறார். ஒவ்வொரு நொடியிலும் வேகம் மணிக்கு 7 கிலோமீட்டர் குறைகிற மாதிரி. அதைப் பார்த்து, புரிந்துகொண்டு, என் விரல் பிரேக்கை அழுத்த 0.7 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் அவர் வேகம் 5 கிலோமீட்டர் குறைந்திருக்கும், என் வேகம் அப்படியே இருக்கும். சராசரி வித்தியாசம் இரண்டரை கிலோமீட்டர். அது 0.7 நொடியில் தின்னும் தூரம் கிட்டத்தட்ட 49 சென்டிமீட்டர். பிரேக்கில் கை வைக்கும் முன்பே இடைவெளி தீர்ந்துவிட்டது.

தாமதமாகப் பிடிப்பதால் நான் அவரைவிட அழுத்திப் பிடிக்கிறேன். என் பின்னால் வருபவர் என்னைவிட அழுத்திப் பிடிக்கிறார். 2008இல் வெளியான ஓர் ஆய்வில் ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓடவிட்டார்கள். சாலையில் எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் சின்னத் தடுமாற்றங்கள் பின்னோக்கிப் பெருகி, சில கார்கள் நின்றே போயின. சைக்கிள் வரிசையிலும் அதே அலைதான். முதல் ஆள் லேசாகத் தயங்கினால் பத்தாவது ஆள் பிரேக்கை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

மோதாமல் தப்பிக்க எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறோம்: சற்றே விலகி, முன்னவரின் பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நம் முன் சக்கரத்தை நுழைத்துவிடுகிறோம். ஆபத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது.

சைக்கிள் நிமிர்ந்து நிற்பது சக்கரம் சுழல்வதால்தான் என்று பலர் நம்புகிறோம். நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தச் சுழற்சியின் விளைவையே ரத்து செய்த ஒரு சைக்கிளை உருவாக்கி, ஆள் இல்லாமலே அது நிமிர்ந்து ஓடுவதை 2011இல் காட்டினார்கள். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் முன் சக்கரம் திரும்பி, சக்கரங்களை உடம்புக்கு அடியில் கொண்டுவந்துவிடுகிறது. சின்ன வயதில் உள்ளங்கையில் துடைப்பத்தை நிறுத்தி விளையாடியிருப்பீர்களே, அது சாயும் பக்கம் கையை நகர்த்துவோம். சைக்கிளில் அந்தக் கை வேலையைச் செய்வது ஹேண்டில்பார்.

இப்போது அந்தக் கையை ஒரு பக்கம் நகரவிடாமல் சுவர் வைத்தால்? என் முன் சக்கரம் அவருடைய பின் சக்கரத்துக்கு இடப்பக்கம் இருந்தது. அவர் இடப்பக்கம் ஒதுங்கியதும் அவர் டயர் என் சக்கரத்தின் முன்பகுதியைத் தள்ளி, ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்பிவிட்டது. பயத்தில் நானும் இடப்பக்கமே இழுத்தேன். சக்கரம் இடப்பக்கம் போனது, உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது. மீள வேண்டுமானால் வலப்பக்கம் திருப்ப வேண்டும். அங்கேதான் அவர் சக்கரம் நிற்கிறது. அப்புறம் விழுவதைத் தவிர வேறு வழியே இல்லை. அவருக்கோ முன் சக்கரம் சுதந்திரமாக இருந்தது. லேசாக ஆடிச் சமாளித்துக்கொண்டார். சக்கரங்கள் உரசினால் பெரும்பாலும் பின்னால் வருபவரே விழுவதற்கு இதுதான் காரணம்.

விழும் உடம்புக்கு இரண்டு வேகங்கள் இருக்கின்றன. சாலையோடு ஓடுகிற வேகம் ஒன்று. அது தோலை உரிக்கும். எவ்வளவு வேகமாகப் போகிறோமோ அவ்வளவு தூரம் சறுக்குவோம். இன்னொன்று கீழ்நோக்கிய வேகம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது அது மணிக்கு 16 கிலோமீட்டர். இப்படிப் பக்கவாட்டில் சாயும்போது எலும்பை உடைப்பது பெரும்பாலும் இதுதான். மெதுவாகப் போனவருக்கும் வேகமாகப் போனவருக்கும் இது ஏறக்குறைய ஒன்றே. ‘மெதுவாத்தானே போனேன், எப்படி உடைஞ்சுது?’ என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

தோளில் விழுந்தால் காலர் போன் என்கிற காறை எலும்பு முறியும். தோளின் அடியை நெஞ்செலும்புக்குக் கடத்தும் அந்த மெல்லிய எலும்பு பெரும்பாலும் நடுவில்தான் உடைகிறது. அங்கேதான் அது மெலிந்து வளைந்திருக்கிறது. கையை ஊன்றி விழுந்தால் இன்னொரு தொல்லை. கட்டை விரலை விரித்துத் தூக்கினால் அதன் அடியில் ஒரு குழி விழும், மூக்குப்பொடி வைக்கிற குழி. அதற்குள் ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பு இருக்கிறது. அது உடைந்தால் பெரிய வீக்கம் இருக்காது, முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். அதற்கு ரத்தம் விரல் பக்கத்திலிருந்து உள்ளே வருவதால், முறிவுக்கு முன்கைப் பக்கம் இருக்கும் துண்டு ரத்தமில்லாமல் வாடக்கூடும். நான் சுளுக்கு என்று நினைத்து துணியைச் சுற்றிக்கொண்டு புதுச்சேரி வரை மிதித்தேன். செய்யக்கூடாத வேலை. அந்தக் குழியில் அழுத்தி வலித்தால் டாக்டரிடம் போக வேண்டும். முதல் படம் சுத்தமாக இருந்தாலும் இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னால் தட்டக்கூடாது.

விழாமலே வரும் காயமும் உண்டு. மணிக்கணக்காக ஹேண்டில்பாரை அழுத்தும்போது, உள்ளங்கையின் சுண்டு விரல் பக்கத்து அடியில் ஓடும் அல்நார் நரம்பு நசுங்கும். சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும் மரத்துப்போகும். பலர் இதைக் களைப்பு என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் விரல்களின் பிடியும் அந்த நரம்பை நம்பித்தான் இருக்கிறது. மரத்த கையால் பிரேக் பிடிக்கிறவருக்கு நான் மேலே சொன்ன 0.7 நொடி போதாது. பிரவே என்பது நேரக் கெடு வைத்த தொலைதூர சைக்கிள் பயணம். அதில் 600 கிலோமீட்டருக்கு 40 மணி நேரம்தான் கெடு. இரண்டாம் இரவில் தூக்கமும் சேர்ந்துகொண்டால் கணக்கு இன்னும் மோசம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை வைக்கும் இடத்தை மாற்றுங்கள். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் எடை முழுக்கக் கைக்கு வரும், அதையும் பாருங்கள்.

சரி, உரசியே விட்டால்? விலகி இழுக்காமல் முன்னவரின் சக்கரத்தை நோக்கி லேசாகச் சாய்ந்து, மெல்ல வேகத்தைக் குறைக்க வேண்டும். இது தானாக வராது. பயந்த உடம்பு நேர்மாறாகத்தான் செய்யும். கை குணமான பிறகு நாங்கள் ஒரு புல்தரை மைதானத்தில், நடக்கிற வேகத்தில், வேண்டுமென்றே சக்கரத்தை உரசிப் பழகினோம். முதல் நாள் எல்லோரும் விழுந்தோம்.

இப்போது வரிசையில் முதல் ஆள் எதைப் பார்த்தாலும் கத்துகிறார்: ‘குழி!’, ‘மணல்!’, ‘மட்டை!’. ஒவ்வொருவரும் அதைத் திருப்பிக் கத்துகிறோம். பன்னிரண்டு சைக்கிள் வரிசை சுமார் 26 மீட்டர் நீளம். ஆளுக்கு 0.7 நொடி என்று பிரேக் அலை கடைசி ஆளை அடைய ஏழு நொடிக்கு மேல் ஆகும். வாய் மாறி வாய் போனாலும் குரல் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுகிறது.