பயங்கரவாதப் பட்டியலா? யாருடைய பட்டியல் என்று முதலில் பாருங்கள்

ஐ.நா. தடை என்று செய்திகளில் அடிபடுவதில் இரண்டு வேறு ஏற்பாடுகள் கலந்துகிடக்கின்றன. பட்டியலால் வங்கிக் கணக்கு முடங்கியவரும் சரி, அவருக்காக மனு எழுதுபவரும் சரி, முதலில் தடுமாறுவது இங்கேதான்.

ஒன்று, 1999இல் தலிபானுக்கு எதிராக வந்த 1267ஆம் தீர்மானத்தின் வழி வந்த பட்டியல். ஒரு நாடு பெயரை முன்மொழியும். பாதுகாப்புச் சபையின் 15 உறுப்பு நாடுகளும் அடங்கிய குழுவில் யாரும் மறுக்காவிட்டால் பெயர் ஏறிவிடும். பாகிஸ்தானின் ஜெய்ஷ்-இ-முகமது அமைப்பின் தலைவர் மசூத் அசாரின் பெயர் சீனாவின் முட்டுக்கட்டையால் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் இருந்து, 2019 மே 1 அன்றுதான் ஏறியது. அங்கே எடைபோடப்படுவது ஆதாரம் மட்டுமல்ல.

மற்றது, 2001 செப்டம்பர் 28இன் 1373ஆம் தீர்மானம். இதற்கு ஐ.நா.வின் பெயர்ப்பட்டியலே கிடையாது. பயங்கரவாத நிதியைக் குற்றமாக்குங்கள், சொத்துகளை முடக்குங்கள் என்று எல்லா நாடுகளுக்கும் உத்தரவிட்டது. பயங்கரவாதம் எது என்று மட்டும் வரையறுக்கவில்லை. அந்த இடைவெளியில் எந்த அரசும் தனக்கு வேண்டாதவரை நுழைத்துவிடலாம். 2014இல் இலங்கை அரசு 16 அமைப்புகளையும் 424 பேரையும் வர்த்தமானியில் அறிவித்தது இந்தத் தீர்மானத்தைச் சொல்லித்தான். ஆட்சி மாறிய 2015இல் புலம்பெயர் தமிழர் அமைப்புகள் பல நீக்கப்பட்டன. ஆட்சி மீண்டும் மாறியபின் 2021இல் சில திரும்ப ஏறின. இடையில் ஆதாரம் மாறியதா என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

பெயரை எடுக்கும் வழியும் வேறு வேறு. 1267இன் வழி வந்த ஐ.எஸ்., அல்-கொய்தா பட்டியலுக்கு, நீக்க மனுக்களைச் சுயாதீனமாக ஆராயும் ஒம்பட்ஸ்பர்சன் அலுவலகம் இருக்கிறது; 2009இல் உருவானது. தகவல் திரட்ட 4 மாதம், மனுதாரருடன் பேச 2 மாதம், இரண்டும் நீளலாம். நீக்கலாம் என்று அவர் பரிந்துரைத்தால் 60 நாளில் பெயர் போய்விடும். குழு ஒருமனதாக மறுத்தாலோ, விவகாரம் பாதுகாப்புச் சபைக்குப் போனாலோதான் நிற்கும். 2011இல் தனியாகப் பிரிந்த தலிபான் பட்டியலுக்கு இந்த வசதி இல்லை. 1373இன்கீழ் சேர்க்கப்பட்டவர் அங்கே எழுதுவதும் வீண். சேர்த்த நாட்டின் அமைச்சையோ நீதிமன்றத்தையோதான் நாடவேண்டும்.

பெயர் ஒற்றுமையால் மட்டும் சிக்கியவர் நீக்கக் கோரி மனுப்போடுவது தவறான வழி; பட்டியலில் இருப்பது தானே என்று ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும். தந்தை பெயர் ஓரிடத்தில் முன்னாலும் இன்னோரிடத்தில் பின்னாலும் பதிவாகும் நம் வழக்கம் வங்கி மென்பொருளை எளிதில் குழப்பும். எந்தப் பதிவோடு பொருந்தியது என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். பிறந்த தேதி, பிறந்த ஊர், கடவுச்சீட்டு எண் மூன்றையும் சான்றோடு ஒரே கடிதத்தில் கொடுங்கள். வங்கி அசையாவிட்டால், அது ஐ.நா. பட்டியல் பெயர் என்றால், ஆளைத் தவறாக அடையாளம் கண்டார்கள் என்ற புகாரை, பட்டியல் தொடர்பான மனுக்களை வாங்கும் ஐ.நா.வின் ஃபோக்கல் பாயிண்ட் அலுவலகமே பெற்றுக்கொள்ளும்.