படத்தில் விரலை வைக்காதீர்கள்

இந்த மாதத்தில் இப்படி நடப்பது இது மூன்றாவது முறை. கேம் கண்ட்ரோலரை அமெரிக்காவுக்கு அனுப்பவிருக்கும் ஒருவர், போட்டியாளரின் காப்புரிமை ஆவணத்தைக் கொண்டுவந்து ஒரு படத்தில் விரலை வைத்தார். "பாருங்க சார், அவங்களோட அதிர்வு மோட்டார் வெளிப்பக்கம் இருக்கு. நம்மது உள்ளே. பிரச்சினையே இல்லை." கடைசிப் பக்கங்களில் இருந்த உரிமைக்கோரல்களை, அதாவது எதெல்லாம் தனக்கே உரியது என்று காப்புரிமை எண்ணிட்டுச் சொல்லும் வாக்கியங்களை, அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் கண்ட்ரோலரை வார்க்கும் அச்சை மட்டும் வெட்டியாகிவிட்டது.

படம் ஓர் உதாரணம்தான், ஐயா! காப்புரிமையின் எல்லையைக் கட்டுவது கோரலில் உள்ள சொல். இவருடைய கேள்வியையே ஒரு வழக்கு தீர்த்துவைத்திருக்கிறது: அமெரிக்காவில் 2012-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்த தார்னர் - சோனி வழக்கு. கோரலில் இருந்தது ஒரு நெகிழ்வான திண்டு, அதில் 'இணைக்கப்பட்ட' அதிர்வு உறுப்புகள். உள்ளே வைத்த உறுப்புகளைப் பற்றிப் பேசும்போது விவரக்குறிப்பு (கண்டுபிடிப்பை விளக்கும் பகுதி) 'பதிக்கப்பட்ட' என்று வேறு சொல்லைப் போட்டிருந்தது. அதனால் 'இணைக்கப்பட்ட' என்றால் வெளிப்பரப்பில் மட்டுமே என்று மாவட்ட நீதிமன்றம் முடிவு செய்தது. மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. உள்பரப்பில் பொருத்தினாலும் அது இணைப்புதானே! ஒரு சொல்லின் வழக்கமான பொருளைச் சுருக்க இரண்டே வழி என்றது நீதிமன்றம்: கண்டுபிடிப்பாளரே தனி வரையறை தந்திருக்க வேண்டும், இல்லையேல் அந்தப் பகுதியைத் தெளிவாகக் கைவிட்டிருக்க வேண்டும். எடுத்துக்காட்டுகளில் திரும்பத் திரும்ப வெளிப்பக்கத்தையே காட்டியது இந்த இரண்டிலும் சேராது.

உடனே அகராதியைத் தூக்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு. அகராதி உதவும், ஆனால் தீர்ப்பு சொல்லாது. அமெரிக்காவில் 2005-இன் பிலிப்ஸ் வழக்குத் தீர்ப்பிலிருந்து முதலிடம் ஆவணத்துக்கே. விண்ணப்பித்த காலத்தில் அந்தத் துறையில் வேலை செய்தவர், முழு ஆவணத்தையும் படித்துவிட்டு அந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொண்டிருப்பார் என்பதுதான் கேள்வி.

தலைப்பை நம்பித் தேடுவதும் ஆபத்து. கணினி மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கல்பார்ட்டுக்கு, அந்த மவுஸுக்காக 1970-இல் கிடைத்த காப்புரிமையின் தலைப்பு, 'காட்சி அமைப்புக்கான எக்ஸ்-ஒய் நிலை காட்டி'. 'மவுஸ்' என்று தேடினால் அந்தத் தலைப்பு அகப்படாது.

முதலில் கோரல்களைப் படியுங்கள், வேறு கோரலைச் சாராமல் தனித்து நிற்கும் கோரலிலிருந்து தொடங்கி. பிறகு காப்புரிமை பெற்றவருக்கும் காப்புரிமை அலுவலகத்துக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தை வரவழையுங்கள். காப்புரிமை வாங்குவதற்காக அவர் அங்கே விட்டுக்கொடுத்ததை நீதிமன்றத்தில் திரும்பக் கேட்க முடியாது. நீங்களே விண்ணப்பம் எழுதுகிறீர்களா? ஒரு பொருளுக்கு ஒரே சொல்லை வையுங்கள். பக்கம் அழகாக இருக்கட்டும் என்று ஓரிடத்தில் 'பொருத்திய', இன்னோரிடத்தில் 'இணைத்த' என்று மாற்றாதீர்கள், தயவுசெய்து. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த இரண்டு சொற்களைத்தான் முதலில் அடிக்கோடிடுவார்.