கொக்கிரகுளத்தில் நின்ற பஸ்

திங்கட்கிழமை காலையில் பாளையங்கோட்டையிலிருந்து நெல்லை ஜங்ஷனுக்குப் போகிறவர்கள் கால் மணி நேரம் முன்னதாகவே கிளம்புவது நல்லது. கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் அன்று குறைதீர்க்கும் நாள். மனுவோடு வந்தவர்கள் சில வாரம் சாலையிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி ஒரு மறியலில் என் பஸ் மாட்டிக்கொண்டபோது, பக்கத்து சீட் அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கோரிக்கை நியாயமாகத்தான் இருக்கும். அதற்கு நடுரோடுதான் கிடைத்ததா?"

அவர் சொன்னதை அமெரிக்காவில் எண்களாகவே அளந்து வைத்திருக்கிறார்கள். அதுவும் ஒரு பஸ் விவகாரத்தில். 1961 மே மாதம், கறுப்பரும் வெள்ளையருமாகப் பதின்மூன்று பேர் வாஷிங்டனிலிருந்து தெற்கு நோக்கி ஒன்றாக பஸ் ஏறினார்கள். மாநிலங்களுக்கு இடையே ஓடும் பஸ்ஸிலும் நிலையங்களிலும் நிறத்தின் பேரில் பிரித்து வைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. தெற்கே யாரும் அதை மதிக்கவில்லை. அலபாமாவில் ஒரு கும்பல் பஸ்ஸுக்குத் தீ வைத்தது. அந்த மாதக் கடைசியில் காலப் நிறுவனம் மக்களிடம் கருத்துக் கேட்டது. பிரித்து வைப்பதை ஒழிக்கும் தீர்ப்பு சரி என்றவர்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. பஸ் ஏறியவர்கள் செய்வது சரி என்றவர்கள் 22 சதவீதம், தவறு என்றவர்கள் 61. இத்தகைய போராட்டங்கள் கறுப்பர்களின் முயற்சிக்கே கேடு என்று 57 சதவீதம் பேர் எண்ணினார்கள். எல்லாம் நம் அண்ணாச்சிகள்தான்.

ஆனால் அந்த ஆண்டு நவம்பர் 1 முதல், பிரித்து வைக்கும் பலகைகளை நிலையங்களிலிருந்து அகற்ற வேண்டும் என்ற மத்திய ஆணை நடைமுறைக்கு வந்துவிட்டது. பெரும்பான்மைக்குப் பிடிக்காத போராட்டம் ஆறே மாதத்தில் எப்படி ஜெயித்தது?

கருத்துக்கணிப்பு கேட்பது வேடிக்கை பார்ப்பவர்களின் மனநிலையை. ஆணையில் கையெழுத்துப் போடுபவர்கள் வேறு சிலர். எரிகிற பஸ்ஸின் படம் உலகப் பத்திரிகைகளில் வந்த பிறகு சும்மா இருப்பது கென்னடி அரசுக்குக் கட்டுப்படியாகவில்லை. 1960இல் கிரீன்ஸ்பரோ ஊரில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமான சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்ததும் இதே வழிதான். கடைக்காரர் மனம் மாறியதாகத் தெரியவில்லை. வியாபாரம் படுத்தது, ஆறு மாதத்துக்குள் மேசையை எல்லோருக்கும் திறந்துவிட்டார்.

அதற்காக அண்ணாச்சியின் எரிச்சலைத் தள்ளிவிடவும் முடியாது. சமூகவியலாளர் ராப் வில்லர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட சோதனைகளில், சாலையை மறிப்பது போன்ற செயல்களைப் பார்த்தவர்களுக்கு அந்த இயக்கத்தின் மேல் இருந்த ஆதரவு உண்மையிலேயே குறைந்தது. அதே குழுவினர் 2022இல் இன்னொன்றையும் கண்டார்கள்: முரட்டு அணி ஒன்று பக்கத்தில் இருந்தால், அதே கோரிக்கையோடு வரும் மிதமான அணிக்கு ஆதரவு கூடுகிறது. பேரம் பேசத் தெரிந்த எந்த வியாபாரிக்கும் இது புதிதல்ல. வன்முறையின் கணக்கு வேறு. 1960களின் போராட்டங்களையும் நாளிதழ்களையும் அமெரிக்க அரசியல் ஆய்வாளர் ஒமர் வாசோ ஒப்பிட்டார். அமைதியாக நின்றவர்களைப் போலீஸ் அடித்தபோது தலைப்புச் செய்தி உரிமையைப் பற்றிப் பேசியது. போராடியவர்கள் பக்கம் வன்முறை எழுந்தபோது அதே தலைப்பு சட்டம் ஒழுங்குக்குத் தாவியது. 1968 அதிபர் தேர்தலின் முடிவையே இது புரட்டியிருக்கக்கூடும் என்பது அவர் கணிப்பு.

பந்திச் சண்டை என்றால் நம் ஊருக்கு கிரீன்ஸ்பரோவைவிட மூப்பு அதிகம். வ.வே.சு. ஐயர் சேரன்மகாதேவியில் நடத்திய குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனிப் பந்தி போடப்பட்டது. காங்கிரஸ் நிதி பெற்ற இடத்தில் இது தகுமா என்று வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்டார்கள். காந்தி வரை போயும் தீரவில்லை. நாட்டு வேலையைச் சாப்பாட்டுத் தகராறு கெடுக்கிறதே என்று கட்சிக்குள்ளேயே பலர் முகம் சுளித்தார்கள். 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் உயிரிழந்தார். அந்த நவம்பரில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அன்று யாராவது கருத்துக்கணிப்பு எடுத்திருந்தால் இந்தப் போராட்டத்தைத் தோல்விக் கணக்கில்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் வீட்டு வழக்கமாக இருந்த தனிப்பந்தி அதன் பிறகு மேடையில் பதில் சொல்ல வேண்டிய கேள்வியாகிவிட்டது. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்களுக்கு இருந்த தனி இடம் 1941இல் எடுக்கப்பட்டது.

எல்லாம் இப்படிக் கணக்குக்குள் அடங்குவதில்லை. அந்த பஸ் நின்ற இடத்திலிருந்து ஆறு தெரியும். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக இதே கலெக்டர் அலுவலகத்துக்கு வந்த ஊர்வலம் தடியடியில் சிதறி, தாமிரபரணியில் பதினேழு பேர் இறந்தார்கள். ஒரு கைக்குழந்தையும் அதில் உண்டு. அடிபட்டவர் பக்கம் பார்ப்பவர் மனம் சாயும் என்கிறது வாசோவின் ஆய்வு. அடிபட்டவர் எந்தச் சாதி என்று முதலில் விசாரிக்கும் ஊரில் அந்தச் சாய்வு எவ்வளவு இருக்கும் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

அன்றைய மறியல் முக்கால் மணி நேரத்தில் கலைந்தது. பஸ் சுலோசன முதலியார் பாலத்தில் ஏறும்போது அண்ணாச்சிக்கு போன் வந்தது. தாமதத்துக்குக் காரணம் சொன்னார். "ஏதோ ஒரு ஊரில் சுடுகாட்டுக்குப் போகப் பாதை இல்லையாம். பிணத்தை வயல் வழியே தூக்கிப் போகிறார்களாம், பதினைந்து வருஷமாக." குரலில் எரிச்சல் குறையவில்லை. ஊர்ப் பெயரை இரண்டு தடவை சொன்னார், எதிர்முனையில் இருந்தவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலும்.