‘ஈ’ அல்ல, பொய்ப்பூச்சி

தூண்டில் முள்ளின் மேல் நூலையும் இறகையும் சுற்றி, பூச்சியைப் போலச் செய்து மீனை ஏய்க்கும் பொருளுக்கு ஆங்கிலத்தில் ‘ஃப்ளை’ என்று பெயர். அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து இதை ‘ஈ’ என்று தமிழாக்கினால், அந்த முறையில் மீன் பிடிப்பது ‘ஈ மீன்பிடிப்பு’ ஆகிவிடுகிறது. படிப்பவருக்கு ஈ மொய்க்கும் மீன்தான் நினைவுக்கு வரும்.

பழைய ஆங்கிலத்தில் ‘ஃப்ளை’ பறக்கும் பூச்சி எதையும் குறித்தது. பறத்தல் என்னும் வினையோடு உறவுடைய சொல் அது. ‘பட்டர்ஃப்ளை’, ‘ஃபயர்ஃப்ளை’ ஆகிய பெயர்களில் அந்தப் பழம்பொருள் இன்னும் தங்கியிருக்கிறது. அவற்றை நாம் வெண்ணெய் ஈ, நெருப்பு ஈ என்பதில்லை. வண்ணத்துப்பூச்சி, மின்மினிப்பூச்சி என்கிறோம். தூண்டில்காரர் தலையில் மட்டும் ஏன் ஈயைக் கட்ட வேண்டும்? அவர் பெரிதும் பார்த்துச் செய்வதும் ஈயை அல்ல. நீருக்குள் வளர்ந்து, மேலே வந்து சிறகு விரிக்கும் ‘மேஃப்ளை’ போன்றவற்றை. ஈக்குச் சிறகு ஒரு சோடிதான். மேஃப்ளைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு.

சரி, ‘தூண்டில் பூச்சி’ எனலாமா? மண்புழுவுக்கு நாக்குப்பூச்சி என்றும் பெயர் உண்டு. முள்ளில் கோத்த புழு என்றே எண்ணத் தோன்றும். பொய்க்கால், பொய்ப்பல் என்ற வரிசையில் ‘பொய்ப்பூச்சி’ என்பதே என் தேர்வு. தூண்டுதலில் பிறந்த தூண்டில் என்னும் சொல்லுக்குப் பக்கத்தில் ‘பொய்’ இயல்பாகவே உட்காருகிறது. 931ஆம் குறள் ‘தூண்டிற்பொன்’ என்று முள்ளைச் சொல்கிறது. அங்கே பொன் என்றால் இரும்பு. மீன் உணவென்று நம்பி விழுங்குவது அதைத்தான்.

பொய்ப்பூச்சியோ மிகப் பழையது. கி.பி. 200 அளவில் ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர் மாசிடோனிய மீனவர்களைப் பற்றிக் கிரேக்கத்தில் எழுதிவைத்தார். ஆற்றின் மேல் பறக்கும் பூச்சியைக் கையால் தொட்டால் நிறம் மங்கும், சிறகு வாடும். எனவே அவர்கள் முள்ளில் செங்கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே முளைக்கும் மெழுகுநிற இறகுகள் இரண்டைப் பொருத்தினார்கள் என்கிறார்.

பொய்ப்பூச்சி செய்வதை ஆங்கிலத்தில் ‘முடிச்சிடுதல்’ என்ற பொருள்படச் சொன்னாலும், கடைசியில் நூல் அவிழாமல் பூட்டுவதைத் தவிர முடிச்சுக்கு அதிக வேலையில்லை. எல்லாம் சுற்றுதான். தமிழில் ‘வரிந்து கட்டுதல்’ கச்சிதமாகப் பொருந்தும். சிறகு வைக்கும் இடத்தில்தான் கை நடுங்கும். வாத்தின் இடச்சிறகிலிருந்து ஓர் இறகு, வலச்சிறகிலிருந்து அதற்கு இணையான இன்னொன்று. இரண்டிலும் ஒரே அகலத்தில் கீற்று நறுக்க வேண்டும். ஒரே பக்கத்து இறகில் இரண்டையும் எடுத்தால் வளைவு ஒத்துப்போகாது. வீசும்போது பூச்சி பம்பரமாகச் சுழன்று தூண்டில் நரம்பை முறுக்கிவிடும். சேர்த்த கீற்றுகளை முள்ளின் தண்டு மேல் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இறுகப் பிடித்திருக்க, நூலை விரல்களுக்கு நடுவே தளர்வாக மேலே கொண்டுபோய், அந்தப் பக்கம் இறக்கி, நேர்கீழாக இழுக்க வேண்டும். அப்போதுதான் இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமுங்கும். விரல் சற்று முந்தி விலகினால் சிறகு மறுபக்கம் புரண்டுவிடும். நான் கட்டிய முதல் சில பூச்சிகள் எல்லாம் ஒருக்களித்துப் படுத்தவையே.

இந்தச் சிறகுக்கு ‘இறகுச்சிறகு’ என்று பெயர் வைக்கலாம். இறகையும் சிறகையும் பிரித்துச் சொல்லத் தமிழில் சொல் இருக்கும்போது தயங்குவானேன்? உடலுக்குச் சுற்றும் மயில் இழைக்குப் ‘பீலியிழை’ போதும். நரம்பு கோக்கும் துளை ஆங்கிலத்தில் கண். ஊசிக்குக் காது வைத்த நமக்கு முள்ளுக்கும் காதுதான்.

பொய்ப்பூச்சியின் இரு வகைகளுக்கு உலர்ந்த பூச்சி, ஈரப் பூச்சி என்ற நேர்பெயர்ப்புகளையும் விட்டுவிடலாம். முதலாவது, சேவலின் கழுத்திறகு விறைத்து நின்று தாங்குவதால் நீர்மேல் நிற்பது; இரண்டாவது, நீருக்குள் இறங்குவது. மிதக்கும் பூச்சி, மூழ்கும் பூச்சி என்றாலே மீன் எங்கே வாய் திறக்கும் என்பது விளங்கிவிடும்.